கறுப்பு மணலில் ஓடியவர்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் லேசில் போகாது. என் கணவருக்கு இது தெரியும், மகளுக்குத் தெரியும், ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலி தாண்டித் தெரியும். இங்கே எழுதப்போகிற கோபம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் சூடு ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே போய்விடுவேன்.

எல்லாம் ஒரு வாட்ஸ்ஆப் செய்தியில்தான் தொடங்கியது. எங்கள் தமிழ்க் குழுவில் வாடகைக்கு அறை, பழைய சோபா, முருங்கைக்காய் வந்திருக்கிறது என்பவற்றுக்கு நடுவே ஒருவர் போட்டிருந்தார். படப்பிடிப்புக்குப் பழுப்பு நிறத்தவர் தேவை, ஆணானாலும் பெண்ணானாலும் சரி, ஓட முடிந்தால் போதும். வெளிநாட்டுக் கம்பெனி எடுக்கும் தொடர். பாலைவன நாடு ஒன்றில் மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்க்கிற நாசகாரக் கும்பல். அவர்களைத் துரத்துகிற ராணுவம். எந்த நாடு என்று கேட்டதற்கு, அப்படியொரு நாடே கிடையாது, கற்பனை என்று பதில் வந்தது. நாடு கற்பனை. நிறம் மட்டும் நிஜம்.

நான் திருநெல்வேலிக்காரி. இங்கே ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் பிறத்தியார் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு ஒருநாள் சினிமா பார்க்க ஆசை வராதா? லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டேன். கணவர் காரோட்ட மட்டும்தான் வந்தார். அவர் இலங்கை வன்னிக்காரர். கடைசி யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு வெளியே வந்தவர். ஆக்லாந்தில் மின்கம்பி சரிசெய்கிற குழுவில் இருக்கிறார். புயலடித்து ஊர் இருட்டாகக் கிடக்கும்போது கம்பத்தில் ஏறி வெளிச்சம் கொண்டுவருகிற வேலை.

நகரத்துக்கு மேற்கே, மலைகளைத் தாண்டினால் கடலோரமாகக் கறுப்பு மணல்மேடுகள் உண்டு. மேட்டுக்கு மேல் மேடாக, நடுநடுவே பாறையும் ஓடையும் முள்ளுமாகக் கிடக்கும். அதுதான் அவர்களுடைய பாலைவனம். மணல் கறுப்பாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, பின்னால் கணினியில் மஞ்சளாக்கிக்கொள்வோம் என்றாள் ஒப்பனைக்காரப் பெண். அதைச் சொல்லிக்கொண்டே என் கன்னத்தில் இன்னும் இரண்டு சுற்று பழுப்பு மாவைத் தேய்த்தாள். மணலை வெளுக்க வேண்டும், என்னைக் கறுக்க வேண்டும். நான் என்ன கறுப்பில் குறைந்தவளா? எங்கள் ஊரில் என் நிறத்தைச் சொல்லியே இரண்டு வரன் தட்டிப்போயிருக்கிறது. அந்த மகராசன்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

கணவர் கார்க் கதவில் சாய்ந்து நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் போகிற போக்கில் அவரைப் பார்த்து நின்றான். உங்கள் முகம் சரியாக இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்றான். முகம் சரியாக இருக்கிறதாம். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நீ இயக்கத்தில் இருந்தவனா, துப்பாக்கி பிடித்தவனா என்று அதிகாரிகள் மேசைக்கு எதிரே உட்கார வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். இல்லை, நான் மின்வேலை படித்துக்கொண்டிருந்தவன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னாராம். அதை நம்பவைக்க எத்தனை மாதம் பட்டிருப்பார்! இங்கே ஒருவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டான்.

"வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன்.

"ஓடுறதுதானே. ஓடிட்டுப் போவம்," என்றார்.

அவர் குரலில் ஏதோ இருந்தது. அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

எங்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தினார்கள். எனக்கு ஜோடி ஒரு ஃபிஜிக்காரப் பெண். கணவருக்கு ஜோடி ஒரு மலேசியத் தமிழர், உணவகத்தில் சமையல்காரர், சிரித்த முகம், வார்த்தைக்கு வார்த்தை ஒரு லா. பின்னால் துரத்துகிற படை. அதில் வெள்ளைக்காரர்களும் இந்த மண்ணின் மாவோரிகளும். நாய்கள் வேறு. இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னார்: ஓடும்போது உங்கள் மொழியில் எதையாவது கத்துங்கள், எதுவானாலும் சரி, யாருக்கும் புரியப்போவதில்லை.

இந்தக் கடைசிச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தில் நான் கத்தியது எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தை. ஃபிஜிக்காரி ஏதோ இந்தியில் கத்தினாள். சமையல்காரர் "ஓடு ஓடு, புலி வருது லா!" என்று கத்திக்கொண்டே சிரித்தார். யாருக்கும் திருப்தி இல்லை, மறுபடி ஓடச் சொன்னார்கள். மறுபடியும். மணலில் ஏறுவது லேசல்ல. ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே இழுக்கும். அதுவரை கணவர் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடினார், அவ்வளவுதான்.

அப்புறம் புகைக் குண்டு வைத்தார்கள். எங்களுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் முகத்தில் பயம் வராதாம். பக்கத்து மேட்டில் டமாரென்று வெடித்து மணல் எழும்பித் தலையில் கொட்டியது. நான் குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். சமையல்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"தம்பி, கையை விடாதை! கையை விடாதை, தம்பி!"

அவரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நடிப்பில்லை அது. ஒரு மனிதனுக்கு அப்படியொரு குரல் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

நிறுத்தச் சொல்லிக் கூவினார்கள். எல்லோரும் நின்றோம், அவர் நிற்கவில்லை. அடுத்த மேட்டையும் தாண்டி இழுத்துக்கொண்டு போனார். சமையல்காரர், "அண்ணே, முடிஞ்சிருச்சு, கை வலிக்குது லா," என்று கெஞ்சிய பிறகும் பிடி தளரவில்லை. துரத்தி வந்தவர்களில் பாபகூரா என்ற புறநகர்க்காரர் ஒருவர், முன்பு நிஜமாகவே ராணுவத்தில் இருந்தவர், துப்பாக்கியைத் தூர வைத்துவிட்டு வந்து என் கணவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினார். அவ்வளவு கூட்டத்தில் அந்த ராணுவக்காரர் ஒருவருக்குத்தான் விளங்கியது. இயக்குநர் கைதட்டினார். பிரமாதம், இதுதான் வேண்டும் என்றார்.

வீடு திரும்பும் வழியில் நான் மெல்லக் கேட்டேன். அவருக்கு ஒரு தம்பி இருந்ததும், யுத்தத்தில் காணாமல் போனதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. எப்போது கேட்டாலும் எழுந்து கராஜுக்குப் போய் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். அன்றும், "ரோட்டைப் பாரும்," என்றார். காரை ஓட்டியது நான்தான் என்பதால் பார்த்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகளோடு சாலையைக் கடக்கும்போது அவர் கையைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார். இறுக்கமாக, ஏதோ திருடியைப் பிடித்த மாதிரி. வலிக்கிறது என்று அவள் சின்னதிலிருந்தே சிணுங்குவாள். இப்போது பன்னிரண்டு வயது. தோழிகள் பார்த்தால் அவமானம் என்று ஸ்வெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளித்தான் நடப்பாள். இதற்காக அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

மாதங்கள் கழித்துத் தொடர் வந்தது. மூவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். கறுப்பு மணல் மஞ்சளாகியிருந்தது. நான் ஒரு புள்ளியாக விழுந்து எழுந்தேன். பிறகு அவர் முகம் திரை முழுக்க வந்தது. பின்னால் மின்கோபுரம் சரிகிறது. ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிற மனிதனை வைத்துக் கோபுரத்தைச் சாய்த்துவிட்டார்கள். சரி, அதுகூடப் போகட்டும். தாளமும் நாய்க்குரைப்புமாக இருந்த இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. "தம்பி, கையை விடாதை!" அதற்குக் கீழே வெள்ளை எழுத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடியது:

எரியட்டும். எல்லோரும் எரிந்து சாகட்டும்.

மகள் கைகொட்டிச் சிரித்தாள். "அப்பா, யூ ஆர் ஸோ ஸ்கேரி!" என்றாள். வீட்டுத் தமிழ் அவளுக்குப் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். ஆனால் எழுத்து ஓடும்போது யாருக்குக் காது வேலை செய்கிறது? அவள் படித்தாள், நம்பினாள்.

"அப்பா அப்படிச் சொல்லலடி," என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கராஜுக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

"நீங்க சொன்னது ஒண்ணு, அவனுங்க போட்டிருக்கது ஒண்ணு. பிள்ள என்ன நினைப்பா?"

"விடும்."

"எப்படி விட முடியும்? நான் சொல்லிருதேன் அவகிட்ட."

"வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது." கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் சொல்லேலாமல் கிடக்கு."

அதற்குப் பிறகு நான் என்ன செய்ய? அது அவருடைய தம்பி. அவர் சொல்வதற்குள் நான் எடுத்துச் சொன்னால் அது திருட்டு. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் ஒருவன் மகளிடம், உன் அப்பா எப்போது வெடிப்பார் என்று கேட்டிருக்கிறான். அவள் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோமாம், கதையின் தேவைக்கு ஏற்ப வசனம் அமைப்பது வழக்கமாம், எங்கள் உணர்வுகளை மதிக்கிறார்களாம். மதிக்கிற லட்சணம்! யாருக்கும் புரியப்போவதில்லை என்ற தைரியம்தானே? உலகத்தில் இத்தனை கோடி பேர் பேசுகிற மொழியை இரைச்சல் என்று நினைத்த திமிர்தானே? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் மகளுக்குள் அவள் அப்பாவின் அந்தக் குரல், கீழே ஓடிய பொய்யாகத் தங்கிவிடக்கூடாது.

வெள்ளைக்காரனுக்குப் புரியவில்லை என்பதையாவது ஒரு கணக்கில் வைக்கலாம். நம்மவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் பொங்கல் விழாவில் என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நம்மில் யாராவது வீடு வாங்கினால், பட்டம் வாங்கினால், மேயரோடு நின்று படமெடுத்தால் ஒரு பொன்னாடை. வெளிநாட்டுத் தொடரில் முகம் காட்டியவருக்கு இல்லாமலா? நான் வேண்டாம் என்றேன். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. "மரியாதையாக் கூப்பிடினம். போகாட்டில் பிழையாப் போயிடும்," என்றார்.

நகரத்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் வாடகை மண்டபம். மதியச் சாப்பாடு முடிந்து, பாயசம் கையில் பிசுபிசுக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசைகளில் பெரும்பாலும் எங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், பின்னால் இலங்கைக் குடும்பங்கள். அவரை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மகள் என் பக்கத்தில். "இப்போது நம் நாயகனின் நடிப்பைப் பார்ப்போம்," என்றார் செயலாளர். படத்தைப் போடப்போகிறார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. விளக்கை அணைத்தார்கள்.

பெரிய திரையில், பெரிய ஒலிபெருக்கிகளில், அவர் குரல். "தம்பி, கையை விடாதை! கையை விடாதை, தம்பி!" மண்டபமே அதிர்ந்தது. அங்கே இருந்த முந்நூறு நானூறு பேரில் தமிழ் தெரியாதவர் ஒருவர் கிடையாது. தமிழ் வாழ்க என்று பின்னால் துணியில் வேறு எழுதிக் கட்டியிருந்தார்கள். அத்தனை பேரும் தாய்மொழியில் காதில் விழுந்ததை விட்டுவிட்டு, கீழே ஓடிய ஆங்கிலத்தைப் படித்தார்கள். படித்துக் கைதட்டினார்கள். விசிலடித்தார்கள். செயலாளர் மைக்கில், "எரியட்டும்! ஆகா, என்ன வசனம், என்ன ஆவேசம்!" என்றார். மேடையில் அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜரிகைத் துண்டை விரித்துக்கொண்டு இரண்டு பேர் அவரை நெருங்கினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை. எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

"நிறுத்துங்கய்யா!" என்றேன். "உங்களுக்கெல்லாம் காது இருக்கா, இல்ல கம்மல் மாட்டத்தான் வச்சிருக்கீங்களா? தமிழ்ச் சங்கமாம் தமிழ்ச் சங்கம்! அந்த மனுஷன் என்ன சொல்லிக் கத்துனாரு? யாராவது ஒருத்தர் சொல்லுங்க. எழுத்தைப் பார்க்காம சொல்லுங்க."

கைதட்டல் நின்றுபோனது. செயலாளர், "அம்மா, கொஞ்சம் அமைதியா..." என்று இழுத்தார்.

"அமைதியாத்தான இவ்வளவு நாள் இருந்தேன். போடுங்க மறுபடி. அந்த எழுத்தை ஒரு துணிய வச்சு மறைச்சிட்டுப் போடுங்க."

யாரும் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. பின்வரிசையில் இலங்கைக்காரர்கள் பக்கம் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். முன்பின் தெரியாதவர்.

"தம்பி, கையை விடாதை எண்டு சொன்னவர்," என்றார். "நாங்களும் அப்பிடிச் சொல்லிக்கொண்டுதான் ஓடி வந்தனாங்கள்."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். அவர் எழுந்தார். பாதி போர்த்தியிருந்த பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, நன்றாக மடித்து, நாற்காலியில் வைத்தார். படியிறங்கி எங்களைத் தாண்டி வெளியே போனார். அவர் பின்னாலேயே போன எங்களுக்கு வழிவிட்டவர்களில் ஒருத்தி, "இதுக்குப் போய் இவ்வளவு ரகளையா," என்று முணுமுணுத்தாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கார் நிறுத்துமிடத்தில் நல்ல வெயில். அவர் காரோட்டும் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் கையில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் பின்னால். என்மேல் அவர் கோபப்படுவார், நானும் திருப்பிச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. மகள்தான் முதலில் வாய் திறந்தாள். எப்போதும் போல ஆங்கிலத்தில் இல்லை.

"அப்பா, யாரு விட்டது? நீங்களா, சித்தப்பாவா?"

பார்த்தே இராத மனிதரை அவள் சித்தப்பா என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். அடியேய், இப்படியா கேட்பது என்று அவளை அதட்டத்தான் திரும்பினேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெறும் மணல்வெளி. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பதினாறு வயது. நாள் முழுக்கத் தண்ணியில்லை, ஆனா கை மட்டும் வேர்த்து ஊத்துது. அவனும் விடேல்ல, நானும் விடேல்ல." சாவியை மடியில் வைத்தார். "வழுக்கிட்டுது. நான் உள்ளங்கையைத்தான் பிடிச்சிருந்தனான், பிள்ளை. மணிக்கட்டைப் பிடிச்சிருக்க வேணும்."

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே மகளின் கை வந்தது. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை மேலே ஏற்றிவிட்டிருந்தாள்.